மாதாவின் காலடியில் வைத்த கடிதம்

எங்கள் அணிக்கு வருகிற கடிதமெல்லாம் பதினொரு வருஷமாக என் வீட்டுக்குத்தான் வந்தன. எனக்கு எழுத வாசிக்க நன்றாகத் தெரியும் என்பதால் அல்ல. நான் வீடு மாறாதவள் என்பதால். இந்த நகரத்தில் யூலை முதலாம் திகதி வந்தால் பாதிச் சனம் வாடகைக் காலம் முடிந்து கட்டிலையும் மெத்தையையும் தெருவுக்கு இறக்கி, அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய் மேலே ஏற்றும். எங்கள் கோச் மட்டும் ஐந்து தரம் மாறிவிட்டார். நான் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அதே மூன்றாம் மாடியில் முப்பத்தொரு வருஷம். அதனால் பேஸ்பால் சங்கத்துப் படிவத்தில் எங்கள் அணியின் விலாசம் என்று என் வீட்டைப் போட்டார்கள். அந்த ஞாயிறு மாதா கோவிலில் நான் வழமையைவிட நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் அணி பங்குப் பெண்பிள்ளைகளின் அணி. பூசை முடிந்து தாய்மார் மண்டபத்தில் தேநீர் குடித்துக் கதைத்துக்கொண்டிருக்கிற நேரத்தில் பிள்ளைகள் பூங்காவில் பந்து எறியத் தொடங்கினார்கள். அப்படி வந்ததுதான். விளையாடுகிற இடம் பூங்காவின் ஒரு மூலை. மழை பெய்தால் இடது பக்கம் இரண்டு நாளைக்குச் சேறு. நாய் கொண்டு வருகிறவர்கள் நடுவால் நடப்பார்கள். சட்டைகளைத் தோய்ப்பது என் வேலை. குளியல் தொட்டியில் பதினைந்து சட்டை ஊறும்போது தண்ணீர் செங்கல் நிறமாகிவிடும். பந்தும் மட்டையும் வைக்கிற பையின் பூட்டுத் திறப்பும் என்னிடம். ஆட்டக் கணக்குக் கொப்பியும் என்னிடம்.

அந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பேன், மெதுவாக எழுதுவேன். பிரெஞ்சு கதைப்பேன், வாசிக்கமாட்டேன். கடையிலோ வங்கியிலோ ஒரு தாளை நீட்டினால் கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டேன் என்பேன். அப்படித்தான் இத்தனை வருஷமும் சமாளித்தேன். கண்ணாடி கைப்பையில்தான் இருக்கும். ஆனால் இலக்கம் தெரியும். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைத்த காலம் முழுவதும் அறை இலக்கமும் வேலை நாளும் பார்த்தே பிழைத்தேன். மாதங்களின் பெயர்களும் கலண்டரில் பார்த்துப் பழகியவை. ஆகவே கொப்பியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேலே திகதி போடுவேன். எங்கள் பிள்ளை எறிந்த பந்து சரியான எல்லைக்குள் போனால் ஒரு கோடு. தவறினால் ஒரு புள்ளி. எதிராளி ஆட்டமிழந்து வெளியே போனால் ஒரு சிலுவை. நடுவர் தவறு என்று கையைக் காட்டினாலும், என் கண்ணுக்குச் சரியென்றால் நான் கோடுதான் போடுவேன். நடுவரிடம் போய்ச் சண்டையும் பிடிப்பேன். "அக்காவுக்குப் பந்து பிடிக்கத் தெரியாது, நடுவரைப் பிடிக்கத்தான் தெரியும்" என்று கோச் எல்லாரிடமும் சொல்லித் திரிவார்.

எங்களிடம் ஒரு பிள்ளை இருந்தாள். இடது கைக்காரி. பதினொரு வயதில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், கார் நிற்கிற இடத்துச் சுவரில் பந்து எறிந்துகொண்டிருந்தவள். சுவர் உடையப்போகிறது என்று கட்டடக் காவல்காரர் கத்தியபோது, நான் மூன்றாம் மாடி யன்னலால் தலையை நீட்டித் தமிழில் கொஞ்சம் சொன்னேன். அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது, போய்விட்டார். அன்றிலிருந்து அவள் என்னை அன்ரி என்பாள், மற்றவர்கள் ஆச்சி என்று சொன்னால் திருத்துவாள். வளர்ந்த பிறகு பகலில் ஒரு சின்னப் பிள்ளைகள் காப்பகத்தில் வேலை. மாலையில் பந்து. அவள் எறிந்தால் பந்து கையை விட்டுப் போனது தெரியாது. பிடிக்கிறவளின் கையுறையில் விழுந்த சத்தந்தான் கேட்கும். அடிக்க நின்றவள் பிறகுதான் மட்டையைச் சுற்றுவாள்.

பேஸ்பாலை எனக்குக் காட்டித் தந்தவர் என் வீட்டுக்காரர். இந்த நகரத்துக்கு ஒரு காலத்தில் பெரிய அணி ஒன்று இருந்தது. அவர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். லீவு நாளில் மெத்ரோவில் என்னைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெரிய வட்டக் கட்டடத்துக்குப் போவார். மேலே மலிந்த கதிரை. சுற்றிவர வெறும் கதிரைகள். ஒரு வருஷம் அந்த அணி எல்லாரையும்விட மேலே நின்றது. ஆனால் ஆட்டக்காரரின் வேலைநிறுத்தத்தால் அந்த வருஷ ஆட்டமெல்லாம் இடையில் நின்றுபோனது. அடுத்த வருஷம் பார்த்தால் நல்லவர்கள் ஒவ்வொருவராக வேறு ஊர்களுக்குப் போயிருந்தார்கள். அவருக்கு அது ஆறவேயில்லை.

"இவங்கள் பெடியங்களுக்கு நடக்கப் பழக்கிறாங்கள். ஓடத் தொடங்கினதும் பெரிய ஊர்க்காரன் வந்து தூக்கிக்கொண்டு போறான்" என்பார்.

அப்போ என்ன செய்வது, கட்டியா வைப்பது என்று கேட்பேன்.

"கட்டத்தான் வேணும்" என்பார்.

நான் சிரிப்பேன். கடைசியில் அந்த அணியே வேறு நாட்டுக்குப் போய்விட்டது. நாலு வருஷம் கழித்து அவரும் போனார். அவர் ஒருத்தரையும் கட்டிவைத்ததில்லை. கட்டியவள் நான்.

எங்களுக்குப் பெரிய ஊர் என்றால் லவால். பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே இருக்கிற பெண்கள் அணிக்கு இரண்டு மைதானம், இரவில் வெளிச்சம், பந்தை எறிந்து தருகிற இயந்திரம், சொந்தமாக வான் வண்டி. முதலில் எங்கள் பந்து பிடிக்கிறவளைக் கொண்டுபோனார்கள். அடுத்த வருஷம் நடுவில் நிற்கிற இரண்டு பேரை. களவு என்று சொல்லமுடியாது. கேட்டார்கள், பிள்ளைகள் போனார்கள். ஒவ்வொரு தரமும் நான் அவர்களின் சட்டையைத் தோய்த்து மடித்து, அடுத்து வருகிற சின்னவளுக்குக் கொடுத்தேன். அது அவளுக்கு முழங்கால் வரை தொங்கும்.

பிறகு எங்கள் இடது கைக்காரியைக் கேட்டார்கள்.

அவளே வந்து சொன்னாள். தவக்காலம், வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்து மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவள் என் கையிலிருந்த கதிரையை வாங்கிக்கொண்டு மெல்லிய குரலில் சொன்னாள். மாகாணத்து அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் லவாலுக்குத்தான் வந்து பார்ப்பார்களாம். பூங்கா மூலைக்கு ஒருத்தரும் வரமாட்டார்களாம். இருபத்தொரு வயது வரைதான் எடுப்பார்களாம்.

"எனக்கு இதுதான் கடைசி வருஷம் அன்ரி. வாற வருஷம் வயசு கூடிப்போம். கடிதம் உங்களிட்டத்தான் வரும். வந்த உடனே சொல்லுங்கோ, என்ன?"

"ஓம் பிள்ளை" என்றேன்.

அந்தக் கடிதம் என்னவென்றால், ஓர் அணியிலிருந்து மற்ற அணிக்குப் போகிறவளை முதல் அணி விடவேண்டும். எல்லாம் கணினியில் நடக்கிற காலத்திலும் இந்த ஒன்றுக்கு மட்டும் பேனாவால் போட்ட கையெழுத்து வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். தாள் அணியின் விலாசத்துக்குத் தபாலில் வரும். கோச் கையெழுத்து வைத்து, அதில் போட்டிருக்கிற திகதிக்குள் திருப்பிக் கொடுக்கவேண்டும். மற்றப் பிள்ளைகள் போனபோது மூன்று தரமும் நான்தான் கடிதத்தைக் கோச்சிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வந்த அன்றைக்கே கொடுத்தேன்.

இனி என் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். மண்ணிறக் கடித உறையில் எது வந்தாலும் முதலில் மாதா சுரூபத்தின் காலடியில் வைப்போம். அகதிக் காலத்தில் தொடங்கியது. வழக்குக் கடிதமோ ஆஸ்பத்திரிக் கடிதமோ, வைத்து நவநாள் செபம் சொல்லி, ஒன்பதாம் நாள்தான் எடுப்போம். நல்ல செய்தியாக இருக்கவேண்டும் என்று ஒன்பது நாள் மன்றாட்டு. குடியுரிமைக் கடிதமும் அப்படித்தான் ஒன்பது நாள் அங்கே கிடந்தது. என் வீட்டுக்காரர் பொறுமையில்லாமல் சுரூபத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எங்கள் பங்கில் பல வீட்டில் இப்படித்தான். கோச்சுக்கும் தெரியும். ஆனால் அணிக் கடிதத்தை நான் ஒருநாளும் அப்படி வைத்ததில்லை. அது என் வீட்டுக் காரியம் இல்லையே.

மார்ச் இருபத்தோராம் திகதி கடிதம் வந்தது. வெளியே பனி அழுக்காகி உருகிக்கொண்டிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று உறையைத் திறந்தேன். அவளுடைய பெயர் இருந்தது. பெயரைக் கண்டுபிடிப்பேன், சட்டைகளின் பின்னால் எல்லாருடைய பெயரும் இருக்கிறதே. கீழே தடித்த எழுத்தில் ஒரு திகதி. இருபத்தெட்டு. பக்கத்தில் நாலெழுத்து மாதம். அதே மாதம்.

மற்றது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் திகதி விளங்கியது. இதை நான் இப்போது எழுதும்போதும் கை கொஞ்சம் நிற்கிறது. விளங்கியது.

உறையைத் திருப்பி மூடிக் காலடியில் வைத்தேன். மெழுகுதிரி கொளுத்தி முழங்காலில் நின்றேன். அவள் போகக்கூடாது என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்க எனக்கு வெட்கம். எது நல்லதோ அது நடக்கட்டும் என்று கேட்டேன். ஆனால் விரல் மடித்து எண்ணிப் பார்த்தேன். இருபத்தொன்று முதலாம் நாள் என்றால் இருபத்தெட்டு எட்டாம் நாள். ஒன்பதாம் நாள் எடுக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். என் வேலையை மாதாவின் தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சோறு வடித்தேன்.

ஐந்தாம் நாள் ஞாயிறு. மண்டபத்தில் அவள் வந்து நின்றாள். கையில் தேநீர், எனக்கென்று சீனி குறைத்துக் கொண்டுவந்தது.

"கடிதம் வந்ததோ அன்ரி?"

"வந்தால் சொல்லமாட்டேனா?" என்றேன். குரலில் கொஞ்சம் கோபமும் வைத்தேன், என்னைச் சந்தேகிக்கிறாளே என்கிற மாதிரி. அவள் உடனே மன்னிப்புக் கேட்டாள். பனிக்காலம், தபால் சுணங்கும் என்று கோச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

எட்டாம் நாள் நான் வெளியே போகவில்லை. பின்னேரம் நாலு மணிக்கு ஒருக்கா உறையை எடுத்தேன். கோச் வேலை செய்கிற ஆஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிஷம். குளிர்க்கோட்டைக்கூட எடுத்துப் போட்டேன். பிறகு கழற்றினேன். செபம் பாதியில் நிற்கக்கூடாது என்று எனக்கு நானே சொன்னேன்.

ஒன்பதாம் நாள் கடிதத்தைக் கோச்சின் கையில் கொடுத்தேன். அவர் வாசித்தார். திரும்ப வாசித்தார். எப்போது வந்தது என்று கேட்டார். மாதாவின் காலடியில் ஒன்பது நாள் வைத்திருந்தேன் என்றேன். அது பொய்யில்லை. அவர் சங்கத்துக்குத் தொலைபேசி எடுத்து அரைமணி நேரம் கெஞ்சினார். திகதி திகதிதான் என்றார்கள். லவால்காரர் அந்த இடத்துக்கு வேறொரு இடது கைக்காரியை எடுத்துவிட்டார்கள்.

ஒருத்தரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் திருப்பிக் கதைத்திருப்பேன், கதைத்து என்னை நியாயமாக்கியிருப்பேன். அடுத்த ஞாயிறு மண்டபத்தில் அவளுடைய தாய் என் தோளைத் தடவினாள்.

"அன்ரிக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதுதானே. அவ என்ன செய்வா, பாவம்" என்றாள்.

அந்தச் சொல்லை யாரும் சொல்லக்கூடாது என்று முப்பது வருஷம் கண்ணாடிக் கதை சொன்னவள் நான். அன்றைக்கு மண்டபம் நிறையச் சனத்துக்கு முன்னால் அந்தச் சொல் வந்தது. நான் அதைப் பிடித்துப் போர்வை மாதிரிப் போர்த்துக்கொண்டேன். ஓம், எனக்குத் தெரியாது என்று தலையைக் குனிந்தேன். எங்கள் பிள்ளை ஒரு மூலையில் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பு வரை நடந்தாள். "யோசிக்காதேங்கோ அன்ரி" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அந்தக் கோடைகாலம் நாங்கள் வென்றோம். அப்படி ஒரு வருஷம் அதற்கு முன் இல்லை. அவள் எறிந்தாள், எதிராளிகள் ஒவ்வொருவராகப் போய் உட்கார்ந்தார்கள். சின்னப் பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தார்கள். தாய்மார் பூங்காவுக்கு மடிக்கதிரை கொண்டு வந்தார்கள், ரோல்ஸ் பொரித்துக் கொண்டு வந்தார்கள். மாதா செய்த புதுமை என்றுகூட ஒருத்தி சொன்னாள். கொப்பி முழுக்கக் கோடும் சிலுவையும். நான் ஒவ்வொரு கோடும் போடும்போது, இதை யாரோ ஒருத்தர் லவாலில் பார்த்து எழுதியிருக்கவேண்டும் என்று நினைப்பேன். எனக்குத் தந்த ரோல்ஸைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவேன். ஆவணி முடிவில் மாகாணத்துக்கு ஆள் எடுத்தார்கள். லவாலிலிருந்து மூன்று பேர். அதில் ஒருத்தி அந்த மற்ற இடது கைக்காரி. எங்கள் பிள்ளை அதைத் தன் தொலைபேசியில் பார்த்தாள், தொலைபேசியைச் சட்டைப்பையில் வைத்தாள், போய்ப் பையில் பந்துகளைப் போட்டாள்.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சுவாமி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளையிட்டச் சொன்னீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு அபராதமாகச் செபம் தந்தார். செபத்தைச் சொல்லிமுடித்தேன். மனப்பாரம் ஒன்றும் இறங்கவில்லை.

கடிதப் பிழை நடந்த நாளிலிருந்து அவள் ஒரு வேலை செய்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து, வந்த தபாலையெல்லாம் வாசித்துச் சொல்வாள். இனி அப்படி நடக்கக்கூடாது என்று. மின்சாரம், வாடகை, மருந்துக்கடை, எல்லாம் பொறுமையாகத் தமிழில் சொல்லி, கலண்டரில் வட்டம் போட்டுவிட்டுப் போவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை கண் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம். அவள் உறையை உடைத்து வாசிக்கப்போனாள். நான் அதை அவள் கையிலிருந்து எடுத்தேன். கீழே விரலை வைத்தேன்.

"பதினாலாம் திகதி, டிசம்பர், ஒன்பதரை மணி" என்றேன்.

அவள் சிரித்தாள். "அன்ரி வாசிக்கிறா" என்றாள்.

"எனக்குத் திகதி எப்பவும் தெரியும். உன்ரை கடிதத்திலையும் தெரிஞ்சது. அண்டைக்கே தெரிஞ்சது."

சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, இறங்க இடம் தெரியாமல். மேசையில் கொப்பி கிடந்தது. அவள் அதைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே என் கையால் போட்ட திகதி. பதினொரு வருஷத் திகதி. எத்தனையோ தரம் பார்த்திருப்பாள்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ போனால் எங்களிட்ட ஆர் இருக்கினம்?"

அவள் கொப்பியை மூடினாள்.

"போகாதை எண்டு கேட்டிருந்தாலும் நான் போயிருப்பன் அன்ரி" என்றாள். "போயிட்டு, லீவு வாற நாளுகளில வந்து பாத்திருப்பன்."

பிறகு கண் ஆஸ்பத்திரிக் கடிதத்தை முழுக்க வாசித்துச் சொன்னாள். அன்றைக்கு வாகனம் ஓட்டக்கூடாது, யாராவது துணைக்கு வரவேண்டும் என்று இருந்ததாம். கலண்டரில் வட்டம் போட்டாள். சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. கோவிலில் கண்டால் தலையாட்டுவாள். கண் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போய், துணை வெளியே நிற்கிறது என்று பொய் சொன்னேன்.

இந்த வருஷம் மார்ச்சில் திரும்பவும் அவளுக்கான தாள் வந்தது. லவாலில் வயது வந்தவர்களின் அணிக்குக் கேட்டிருக்கிறாள் என்று கோச் முன்னமே சொல்லியிருந்தார். மாகாணத்து வயது போய்விட்டது, சும்மா விளையாடத்தான். நான் உறையைத் திறக்கவில்லை. மாதாவின் பக்கமும் பார்க்கவில்லை. பஸ் பிடித்துக் கோச் வேலை செய்கிற இடத்துக்குப் போய், அவர் ஒரு நோயாளியை மேலே விட்டுவிட்டு வரும்வரை வாசலில் நின்றேன். அவர் சுவரில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். இனி அணி விலாசத்தை உங்கள் வீட்டுக்கு மாற்றுங்கள் தம்பி என்றேன்.

"அக்கா, நான் யூலையில திரும்ப வீடு மாறுறனே" என்றார்.

அப்போது நடந்ததை அவருக்கும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பேனாவின் மூடியைப் பார்த்தார். பிறகு விலாசத்தை மாற்றுகிறேன் என்றார். மாற்றினார். இப்போது என் தபால் பெட்டியில் அணிக் கடிதம் வருவதில்லை. சட்டை மட்டும் தோய்க்கிறேன். கொப்பி வேலையை ஒரு தாய் தன் தொலைபேசியில் செய்கிறாள். எங்கள் அணி இந்தக் கோடையில் தோற்றுக்கொண்டே இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் வருகிறார்கள்.

ஞாயிறு பின்னேரங்களில் நான் மெத்ரோ எடுத்து லவாலுக்குப் போவேன். பழைய கொப்பியில் மிச்சத் தாள்கள் இருக்கின்றன. அங்கே எறிகிறவர்களில் அவள் முதல் ஆள் இல்லை. மூன்றாவது. பெரும்பாலும் ஓரத்து வாங்குப் பலகையில் இருப்பாள், தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு. போன கிழமை கடைசி இரண்டு சுற்றுக்கு எறிய விட்டார்கள். நான் மேலே திகதி போட்டுக் கோடும் புள்ளியும் போட்டேன். முடிந்து எல்லாரும் வானுக்குப் போகும்போது அவள் வேலிப்பக்கம் வந்தாள். வீட்டுக்கு வராமல் விட்டபிறகு முதல்தரம் பக்கத்தில் வந்தது.

"கோடு எத்தினை?" என்று கேட்டாள்.

எண்ணினேன். "பதினேழு."

"பதினெட்டு. கடைசிக்கு முதல் பந்து உள்ளுக்குத்தான் போனது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

தெரிந்தது. என் கண்ணுக்கும் உள்ளேதான் போனது. ஆனால் கொப்பியில் அந்த இடத்தில் புள்ளி இருந்தது.

"நடுவர் தரேல்லைப் பிள்ளை" என்றேன்.

அவள் வேலிக்கு மேலால் எட்டி அந்தப் புள்ளியைப் பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, தொப்பி மறைத்துவிட்டது. கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானுக்கு நடந்தாள்.